தங்கவயல் கேப்டனின் தனிமை

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தைப் பற்றியே பேசுவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது என்பதை நேயர்களிற் பலர் அறிவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ வேறோர் ஆழம். ஒரு பெருந்தொழிலின் தலைமையில் அமர்ந்தவனுடைய உள்ளத்தில் இறங்கும் தனிமையே அது. அத்தனிமையைக் கிறிஸ்தவ சமயம் எவ்வாறு அணுகியது, எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதற்குத் தங்கவயலின் வரலாறு நல்லதொரு சான்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் கடையோ தொழிற்சாலையோ ஒப்பந்த வேலையோ நடத்திவரும் நம்மவருக்கு இது அயலான செய்தி அன்று.

முதலில் தங்கவயலின் தொடக்கத்தைக் காண்போம். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின், மைசூர் இராச்சியத்தின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802ஆம் ஆண்டில் உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்ப்பகுதிகளில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்றுப் பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லவேல் என்னும் ஐரிஷ்காரர் அதனைப் படித்தார். 1871இல் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு தாமே கோலாருக்குப் புறப்பட்டார். மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875இல் இருபது ஆண்டு உரிமை பெற்றார். ஆனால் பூமியைத் தோண்டத் தோண்டப் பணம் கரைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1877இல், உரிமையைப் பிறர் கையில் ஒப்படைக்க நேர்ந்தது. பெங்களூரில் ஒரு வீதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தங்கவயலை முதலிற் கண்டவர் கையில் தங்கவயல் தங்கவில்லை.

அதன்பின் 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களுக்கும் தொடக்கத்தில் நல்லகாலம் வாய்க்கவில்லை. கம்பெனியின் மூலதனம் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோகும் நிலை வந்தது. எஞ்சிய பணத்தைப் பங்குதாரரிடம் திருப்பித் தருவதா, மேலும் தோண்டுவதா என்ற கேள்வி எழுந்தது. தோண்டுவது என்றே முடிவாயிற்று. அவ்வேளையில் அனுப்பப்பெற்ற கேப்டன் பிளம்மர் என்பவர், பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளின் அடியிலேயே தேடத் தொடங்கி, சாம்பியன் பொன்னடுக்கைக் கண்டார். தங்கவயலின் செல்வம் யாவும் அங்கிருந்தே பெருகியது.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நம்மை ஒரு சொல் தடுத்து நிறுத்துகிறது. 'கேப்டன்' என்றதும் படைத்தலைவர் என்றோ கப்பல் தலைவர் என்றோ எழுதிவிடத் தோன்றும். பிளம்மர் இரண்டும் அல்லர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், சுரங்கத்தின் பொறுப்பை ஏற்று நடத்துபவரைக் கேப்டன் என்பது வழக்கம். அவர் பெரும்பாலும் தாமும் உளி பிடித்து உயர்ந்தவர். உயர்ந்தபின் அவர் நிலை இரண்டுங்கெட்டதாகிவிடும். கீழே இருப்போரிடம் தம் அச்சத்தைச் சொல்ல இயலாது. சொன்னால் அவர்கள் கலங்குவர். மேலே இருக்கும் பங்குதாரரிடமும் சொல்ல இயலாது. சொன்னால் பணம் நின்றுவிடும். கடல்கடந்து வந்து, பாறையைப் பார்த்து, இன்னும் நூறு அடி போகலாமா வேண்டாமா எனத் தாமே தீர்மானிக்க வேண்டும். தலைமையின் தனிமை என்பது இதுவே. சுற்றிலும் ஆள் இல்லாமையால் வருவதன்று. உண்மையைச் சொல்லத்தக்க ஆள் இல்லாமையால் வருவது.

கார்ன்வால் சுரங்கத்தாரிடையே வேரூன்றியிருந்த சமயம் மெதடிஸ்ட் கிறிஸ்தவம். ஜான் வெஸ்லி அங்கே குவென்னாப் என்னுமிடத்தில், சுரங்கத்தால் நிலம் உள்வாங்கி உண்டான பெரும் பள்ளத்தில், 1762 முதல் 1789 வரை பதினெட்டு முறை பிரசங்கம் செய்தார். அவருடைய சபையின் உயிர்நாடி பிரசங்கமன்று, 'வகுப்பு' என்ற சிறு கூட்டமே. அதன் பிறப்பு வியப்புக்குரியது. 1742இல் பிரிஸ்டல் நகரில், பிரார்த்தனை மன்றம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்ற பேச்சு எழுந்தது. ஃபாய் என்ற கேப்டன் ஒருவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, மிக ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் விடும்படியும், அவர்களால் இயலாததைத் தாமே ஈடுசெய்வதாகவும் கூறினார். காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றபோது, ஒவ்வொருவருடைய துன்பமும் குறையும் வெளிப்பட்டன. கடன் வசூல் உயிர்களின் விசாரிப்பாக மாறியது. பன்னிருவர் போல ஒன்றுகூடி, அவ்வாரத்தில் தத்தம் உள்ளம் எவ்வாறு இருந்தது என ஒளிக்காமற் சொல்வதே வகுப்பாயிற்று.

இக்கூட்டத்தில் கேப்டனும் சொல்லியாக வேண்டும். உளி பிடிப்பவனும் சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் கட்டளையிட்டவர் இரவில், தம்மிடம் வேலை செய்பவன் வகுப்புத் தலைவனாக இருப்பின், அவனுக்கே விடையளிக்க வேண்டும். தனிமைக்கு இதைவிடச் சிறந்த மருந்தை எண்ணிப் பார்ப்பது அரிது. வேதாகமத்திலும் இதே பாடம் உண்டு. மோசே காலை முதல் மாலை வரை தாம் ஒருவராகவே மக்களின் வழக்குகளைத் தீர்த்து ஓய்ந்தபோது, அவருடைய மாமனார் எத்திரோ, இவ்வாறு செய்தால் நீரும் சோர்வீர், மக்களும் சோர்வர் என்று எச்சரித்துப் பொறுப்பைப் பகிரச் செய்தார். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் தாம் ஒருவரே மீந்திருப்பதாகப் புலம்பியபோது, அவர் அறியாத ஏழாயிரம் பேர் இருப்பதாக விடை வந்தது. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரம் அரசனுக்கு வேண்டுவதும் இதுவே: தன்னைக் கடிந்து திருத்த வல்லவரின் உறவு.

இத்தகைய மரபில் வளர்ந்தோர் பலர் தங்கவயலுக்கு வந்தனர். ஆனால் கடலைக் கடந்தபோது அவ்வகுப்பின் சமத்துவம் முழுமையாக உடன்வரவில்லை. சுரங்கத்தினுள் இறங்கியவரிற் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தமிழர், தீண்டாமையின் கொடுமையிலிருந்து தப்பி வந்தோர் அவர்களிற் பலர். வெள்ளையர் பங்களாக்கள் ஒருபுறம், தமிழர் லைன்கள் மற்றொருபுறம். ஒரே கர்த்தரை வணங்கிய ஆங்கிலேயரும் தமிழரும் வெவ்வேறு மொழியில், வெவ்வேறு வரிசையில் நின்றனர். பாறை வெடித்து ஆட்கள் மாண்ட நாட்களில் லைன்களில் எழுந்த அழுகுரல், பங்களாவின் ஜன்னலை எட்டியும் உள்ளே புகவில்லை.

1930ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. குற்றவாளியைப் போலத் தம்மை நடத்துவதாக உணர்ந்த பல்லாயிரம் பேர் வேலைக்கு இறங்க மறுத்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்து கிடந்தன. அந்நாளில் அங்கே அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஏதும் இல்லை. தொழிலாளர் மனத்தில் இருப்பதை மேலிடத்துக்குச் சொல்லவும், அதனைக் கேட்கவும் வழியில்லை. தன்னைச் சுற்றியுள்ள பல்லாயிரம் பேரை அறியாத நிர்வாகம், எலியாவைப் போலத் தான் தனித்திருப்பதாக எண்ணியிருந்தால் அத்தனிமை விதியன்று. தானே எழுப்பிக்கொண்ட மதில்.

தமிழரோ தம் தனிமையைத் தாமே தீர்த்துக்கொண்டனர். தமிழ்ச் சபைகளில் கூடினர், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்தச் சங்கங்களில் கூடினர், கோயில்களில் கூடினர். தெய்வம் வேறாயினும் செயல் ஒன்றே. வாரத்தில் ஒருநாள், எண்ணாக அன்றிப் பெயராக அழைக்கப்படும் இடம் ஒன்றை அவர்கள் அமைத்துக்கொண்டனர்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1962இல் மத்திய அரசின் வசமாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று சயனைடு மேடுகள் மட்டும் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில், சுரங்கத்தாரின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைதேடிச் செல்கின்றனர். கேப்டன்கள் போயினர், ஆலயங்களும் விகாரங்களும் நின்றுவிட்டன.

பிற மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவரிற் பலர், இரவில் கணக்கேட்டை மூடியபின் கேப்டனின் நிலையிலேயே இருக்கிறார்கள். சம்பள நாள் நெருங்குவதை வேலையாளிடம் சொல்ல முடியாது. ஊரில் உள்ளோரிடமும் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தங்கவயல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தலைவனல்லாமல் ஒரு சாதாரண ஆளாக அமரத்தக்க இடம் ஒன்று வாரத்தில் ஒருமுறையேனும் வேண்டும். அவ்விடத்தின் கதவு, தம்மிடம் வேலை செய்பவனுக்கும் திறந்திருக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொண்டு இரண்டாவதை விட்டவர்கள், பிரார்த்தித்தும் தனித்தே இருந்தார்கள்.