பாத்திமா: ஒரு பெயரின் வரலாறு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பல ஊர்களைச் சேர்ந்தவை. காயல்பட்டினத்தார் இல்லத்தில் பாத்திமா உம்மா, இராவுத்தர் இல்லத்தில் பாத்திமா பீவி, உருது பேசுவோர் இல்லத்தில் பாத்திமா பேகம் என அடைமொழி மாறினும் பெயர் ஒன்றே. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

'ஃபத்ம்' என்ற அரபு வேர்ச்சொல்லுக்குக் குழந்தைக்குப் பால் மறக்கடித்தல் என்பது பொருள். அதனின்று பிறந்த ஃபாத்திமா, 'பால் மறக்கடிப்பவள்' எனப் பொருள்படும். பெண் குழந்தை நலமாய் வளர்ந்து தாயாகித் தன் பிள்ளையையும் வளர்த்தெடுக்க வேண்டும் என்ற வாழ்த்தாக இதனைக் கொள்ளலாம்.

இப்பெயர் இஸ்லாத்திற்கு முன்பே அரபகத்தில் வழங்கியது. நபி (ஸல்) அவர்களின் தந்தைவழிப் பாட்டியார் பாத்திமா பின்த் அம்ர். அலீ (ரலி) அவர்களின் தாயார் பாத்திமா பின்த் அஸத். உமர் (ரலி) அவர்களின் சகோதரி பாத்திமா பின்த் கத்தாப். அன்பளிப்பாக வந்த பட்டாடையை அலீ (ரலி) அவர்களிடம் தந்து, பாத்திமாக்களுக்கு முக்காடுகளாகப் பங்கிடுமாறு நபியவர்கள் பணித்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஒரே குடும்பத்தில் இப்பெயருடையோர் பலர் இருந்தமைக்கு அதுவே சான்று. எனினும், ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) மறைந்த நபிமகளாராலேயே இப்பெயர் உலகெங்கும் பரவியது.

தமிழுக்கும் இப்பெயர் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டினரான உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணப் படலம் இடம்பெற்றுள்ளது. தமிழில் 'ஃப' ஒலி இன்மையால் அது 'பா' ஆயிற்று. அரபுத்தமிழில் எழுதியோர் மூல எழுத்தையே பேணினர்.

பிற சமயத்தாரும் இப்பெயரை அறிவர். 1917இல் மரியன்னை காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் போர்ச்சுகல் நாட்டுச் சிற்றூரின் பெயர் பாத்திமா. அங்கு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் எச்சம் அது. மதுரையில் 1953இல் தோன்றிய பாத்திமா கல்லூரி அவ்வழி வந்த பெயருடையதே.

பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்த பாத்திமா பீவி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராக, நமக்கு அண்மையிலுள்ள கிண்டி மாளிகையில் இருந்தார், 2023இல் மறைந்தார்.

இத்துணைச் சிறப்புடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும், நிக்காஹ் பதிவேட்டில் மற்றொரு விதமாகவும் எழுதப்படுவதால், கடவுச்சீட்டு பெறும் வேளையில் நம் பெண்மக்களே அலைக்கழிகின்றனர். பாத்திமா என்பதா, ஃபாத்திமா என்பதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் தேர்ந்த எழுத்து எல்லா ஆவணங்களிலும் ஒன்றாய் இருக்கட்டும். பொருளறிந்து பெயரிடுவது போன்றே, பிழையின்றிப் பதிவதும் பெற்றோர் கடமையாகும்.