ஓவியம் பார்க்கச் சில சொற்கள்

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் உள்ள சி.பி. கலை மையத்தில் கண்காட்சி நடந்தால் நம் கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். "நல்லா இருக்கு சார், ஆனா என்ன சொல்றதுன்னுதான் தெரியலை" என்கிறார்கள். அவர்களுக்காகவும், வீட்டில் படத்தை மாட்டிவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காத என் வயது நண்பர்களுக்காகவும் நாலு சொற்களை வரலாற்றோடு சொல்கிறேன்.

முதல் சொல் பெர்ஸ்பெக்டிவ். மயிலாப்பூர் மாட வீதியில் நின்று பாருங்கள். இரு பக்க வீட்டு வரிசைகளும் தூரம் போகப் போக நெருங்கி வருவதுபோல் தெரியும். அதைத் தாளில் கொண்டு வரும் கணக்குதான் இது. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியில், கைத்தொழில் கற்பவனுக்கும் கோடு போடும் பயிற்சிதான் அஸ்திவாரம். அதுவே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

அடுத்தது ஆயில். வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார்கள். மெதுவாகக் காயும், அதனால் வண்ணத்தோடு வண்ணத்தை இழைத்துப் பட்டுப்புடவையின் பளபளப்பைக்கூடக் காட்டலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள ரவிவர்மா படங்களைப் பார்த்தால் புரியும்.

மூன்றாவது வாஷ். நீர்வண்ணம் பூசி, காய்ந்ததும் தாளைத் தண்ணீரில் நனைப்பார்கள். "ஐயோ, அழிஞ்சு போயிடாதா?" என்று தோன்றும். மேலே நின்ற வண்ணம் கரையும். தாளில் ஊறியது தங்கும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் படத்தில் ஒரு பனிமூட்டம் படரும். ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து இதைக் கற்றுத் தமதாக்கியவர் கல்கத்தாவின் அவனீந்திரநாத் தாகூர். அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1930-களில் நம் கலைப் பள்ளியின் முதல்வர். அங்கே படித்த எஸ். ராஜம் (1919–2010) மயிலாப்பூர் நடுத்தெருவில் இருந்தபடி வாஷ் முறையில் வரைந்தவர். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனத்தில் வரும் முகங்கள் அவர் தீட்டியவை.

கடைசிச் சொல் ஃப்ரெஸ்கோ. ஈரச் சுண்ணச் சுவரில் வண்ணம் பூசுவது. சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகும்போது வண்ணத்தையும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த சுவரில் பசை கலந்து வரைவது டெம்பரா. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டும் உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். எது எந்த முறை என்று தெரிந்ததால்தான் அது முடிந்தது.

இதெல்லாம் பரீட்சைக்கல்ல. நம்மில் பலர் சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக் குழுக்களில் இருக்கிறோம். பசை கலந்த ஓவியம் தண்ணீர் பட்டாலே கெடும். திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு அடித்து மறைந்த சுவரோவியங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சுவரில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். கல்லூரியில் படித்த நாம் ஊருக்குச் செய்யக்கூடிய சின்ன உதவி அது.