விளம்பரம் திரும்பி வந்த நாட்கள்

2019 மே 4, சனிக்கிழமை. எங்கட நேரப்படி விடிய ஐந்தரை மணிக்குப் பிறகு, பயர்பொக்ஸ் உலாவி வைத்திருந்தவர்களின் விளம்பரத் தடுப்பான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கணினியிலும் நின்றன, ஃபோனிலும் நின்றன. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அரசு முடக்கிய சமூக ஊடகங்கள் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்த நாட்களில் ஃபோனில் எது வேலை செய்யாவிட்டாலும் கொழும்பைச் சந்தேகிப்பது எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. ஆனால் இந்தமுறை காரணம் மொசில்லா நிறுவனத்திலேயே இருந்தது. நீட்சிகள் நம்பத்தக்கவை என்று கையொப்பமிடப் பயன்பட்ட ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதை நேரத்துக்குப் புதுப்பிக்கவில்லை. அடுத்த நாள் 66.0.4 பதிப்பு வந்து பெரும்பாலானவர்களுக்குச் சரியானது.

சுன்னாகம் சந்தையடிக் கடைகளில் ஃபோனைக் கொண்டுபோய் நீட்டினால் வழக்கமாய்க் கிடைக்கிற வைத்தியம் "அழிச்சிட்டுத் திருப்பிப் போடுங்கோ" என்பது. அன்றைக்கு அதைச் செய்தவர்கள்தான் கூட நட்டப்பட்டார்கள். அழித்த நீட்சியைத் திரும்ப ஏற்ற முடியவில்லை, அதற்குள் சேமித்து வைத்திருந்த அமைப்புகளும் போயின. பேசாமல் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பி வந்தது.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடுப்பான் நின்றால் எங்கட ஃபோன் பழுது என்று நினைக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால், அது நின்ற பெரிய தருணங்கள் பலவற்றில் பழுது ஃபோனில் இருக்கவில்லை. வேறெங்கோ ஒருவர் தவறியிருக்கிறார், அல்லது வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்.

தொடக்கம் 2002. டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சன், பின்னாளில் பயர்பொக்ஸ் என்று பெயர்பெற்ற உலாவிக்காக அட்பிளாக்கை எழுதினார். 2006இல் விளாடிமிர் பலான்ட் அதை அட்பிளாக் பிளஸ் ஆக்கினார். ஆனால் உயிர்நாடி மென்பொருள் அல்ல, பட்டியல். எந்த முகவரியிலிருந்து விளம்பரம் வருகிறது என்று வரிவரியாகச் சொல்லும் ஈசிலிஸ்ட் என்ற பட்டியலை ரிக் பெட்னெல் தொடங்கினார். 2009இல் அவர் இறந்த பிறகு மற்றத் தன்னார்வலர்கள் அதைக் கையேற்றார்கள். இன்றைக்கும் பெரும்பாலான தடுப்பான்கள் அந்தப் பட்டியலில்தான் ஓடுகின்றன. விளம்பரக்காரர் முகவரியை மாற்றுவார், பட்டியல்காரர் துரத்துவார். பட்டியல் பழசானால் தடுப்பானும் பழசு.

கணினியில் இப்படி வளர்ந்தது ஃபோனுக்கு வந்தபோது வாசலில் காவலாளி நின்றார். 2013 மார்ச்சில் கூகுள், அட்பிளாக் பிளஸையும் அதுபோன்ற வேறு செயலிகளையும் பிளே ஸ்ரோரிலிருந்து தூக்கியது. மற்றச் செயலிகளின் வேலையில் தலையிடக் கூடாது என்பது சொன்ன காரணம். விளம்பரத்தால் வாழும் நிறுவனமே கடையையும் நடத்தினால் வேறு என்ன நடக்கும்? ஆண்ட்ரொயிட் குரோமில் நீட்சி போடும் வசதி இன்றுவரை சாதாரண பாவனையாளருக்குக் கிடைக்கவில்லை. குரோமில் நீட்சி போட ஆசைப்பட்டவர்கள் கிவி உலாவிக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் அதன் பணி நின்றது. ஃபோனில் இன்னும் திறக்கும்தான், பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. பயர்பொக்ஸும் சும்மா இல்லை. 2020இல் ஆண்ட்ரொயிட் பதிப்பைப் புதிதாக எழுதியபோது பல நீட்சிகளைக் கைவிட்டது. யூபிளாக் ஒரிஜின் தப்பியது. மற்றவற்றுக்குக் கதவு பரவலாகத் திறந்தது 2023 டிசம்பரில்.

எங்கட நாட்டுக்கென்று ஒரு தனிக்கதையும் இருக்கிறது. தடுப்பான் செயலிகள் பல, ஃபோனுக்குள்ளேயே ஒரு போலி விபிஎன் அமைத்து அதன்வழி விளம்பரங்களை வடிகட்டுகின்றன. ஆண்ட்ரொயிட் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்னைத்தான் ஓடவிடும். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019இலும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது சனம் விபிஎன்னுக்குத்தான் ஓடியது. அதைப் போட்ட கணமே இப்படிப்பட்ட தடுப்பான் சத்தமில்லாமல் கழன்றுவிடும். முகநூலைத் திறக்கப் போய் விளம்பரத்துக்கும் கதவைத் திறந்துவிட்டோம். தடை நீங்கிய பிறகும் விபிஎன்னை நிறுத்தாமல் விட்டால் கதை தொடரும். டேட்டா காட் போட்டு எண்ணி எண்ணிப் பார்க்கிறவருக்கு, தானாக ஓடும் ஒரு வீடியோ விளம்பரம் சின்ன விசயமில்லை.

இன்னொன்று மொழி சம்பந்தப்பட்டது. யூபிளாக் ஒரிஜினில் தமிழ், சிங்களத் தளங்களையும் சேர்த்துப் பார்க்கும் 'இந்தியன் லிஸ்ட்' என்ற பட்டியல் உண்டு. உலாவியின் மொழியைப் பார்த்துத்தான் தடுப்பான் இப்படியான வட்டாரப் பட்டியலைத் தானாகத் தெரிவு செய்கிறது. எங்களில் அநேகம்பேர் ஃபோனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் வாசிக்கிறோம். ஆகவே அந்தப் பட்டியல் விழித்தெழுவதே இல்லை. பிபிசியில் வேலை செய்யும் தடுப்பான் ஊர்ச் செய்தித் தளத்தில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணம், ஊர்த் தளங்கள் விளம்பரப் படத்தைத் தங்கட சேவையகத்திலேயே வைத்திருப்பது. புடவைக்கடை, நகைக்கடை, மரண அறிவித்தல் எல்லாம் செய்திப் படத்தோடு ஒரே முகவரியிலிருந்து வரும். பட்டியலுக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையில் அவற்றைத் தடுக்க வேண்டுமா என்றும் யோசிக்கிறோம். 1930 முதல் 1958 வரை சுன்னாகத்திலிருந்து வந்த ஈழகேசரியை இன்று நூலகம் தளத்தில் புரட்டினால், விளம்பரங்களும் சேர்ந்துதான் எங்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்கின்றன. அவை இருந்த இடத்தில் இருந்தன. யார் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எண்ணவில்லை. எங்களுக்குச் சண்டை பின்தொடரும் விளம்பரத்தோடுதான். மரண அறிவித்தல் பார்க்கத்தானே ஊர்ப் பெரியவர்கள் அந்தத் தளங்களுக்கே போகினம்!

ஆகவே தடுப்பான் நின்றால் அழிக்க அவசரப்படாதேங்கோ. முதலில் வேறு விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கோ. அந்தரங்கத் தாவலில் பார்க்கிறீர்கள் என்றால், அங்கே நீட்சிக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு யூபிளாக்கின் வடிகட்டிப் பட்டியல்களைத் திறந்து, இந்தியன் லிஸ்ட்டில் சரி போட்டு, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கோ. உலாவியைத் திறந்து உடனே மூடுகிறவர்களுக்குப் பட்டியல் தானாகப் புதுப்பிக்க நேரமே கிடைப்பதில்லை, அதனால் கையால் ஒருக்கா அழுத்துவது நல்லது. நீங்கள் விரும்பி வாசிக்கும் ஊர்த் தளம் ஒன்று உங்களைப் பின்தொடராமல் விளம்பரம் போடுகிறது என்றால், அதற்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வைக்கிற பொத்தானும் யூபிளாக்கில் இருக்கிறது.