மூன்று நிமிட வள்ளி



குமரி மாவட்டத்தார்க்கு வள்ளியின் மணம் புதுக்கதை அன்று. தக்கலைக்கு அருகே வேளிமலைக் குமாரகோவிலில் பங்குனித் திங்கள்தோறும் வள்ளி திருக்கல்யாணம் நடைபெறும். மருமகனாக வரப்போகும் முருகனை இன்னாரென அறியாது குறவர் எதிர்த்துப் பொருது வீழ்கின்ற 'குறவர் படுகளம்' அங்கே நடித்துக் காட்டப்படும். ஆயினும், சிறுவயதில் எனக்கு வள்ளியை அறிமுகம் செய்தது அந்தக் கோவில் அன்று. குழித்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு கிராமபோன் பெட்டிதான்.

பெட்டி என் பாட்டனாருடையது. சாவி கொடுத்து, அரக்கினால் ஆன கறுத்த தட்டைச் சுழலவிட்டு, ஊசியை மெல்ல இறக்குவார். ஒரு பக்கம் முடிந்ததும், "மக்களே, ஊசியை மாற்று" என்பார். அந்த உருக்கு ஊசிகள் ஒரு பக்கத்துக்கு மேல் உழைத்தால் தட்டைக் கீறிவிடும். அந்தத் தட்டில் பாடியவர் எஸ். ஜி. கிட்டப்பா. பாட்டு, 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வரும் 'காயாத கானகத்தே'. தினைப்புனம் காக்கும் வள்ளியை, வேடன் வடிவில் வந்த முருகன் மறித்துப் பேசும் இடம் அது. மானைத் தேடி வந்ததாக அவன் சொல்வான். அவன் தேடி வந்த மான் எதுவென்பது அவையோருக்கெல்லாம் தெரியும், வள்ளிக்கும் தெரியும்.

நாடகத்தை இயற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களை நடிகராக்கியவர். கிட்டப்பாவோ 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். அந்நாளில் செங்கோட்டையும் எங்கள் குழித்துறையும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தவை. ஆதலால் என் பாட்டனார் அவரை 'நம்மூர்க்காரர்' என்றே சொல்லிவந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவை அவர் பொருட்படுத்தவில்லை! வேலனாகக் கிட்டப்பாவும் வள்ளியாகக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் மேடையேறிய காலம் தமிழ் இசைநாடகத்தின் பொற்காலம். 1933-இல், இருபத்தேழாம் வயதில், கிட்டப்பா மறைந்தார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் வகுப்பில் இந்தப் பாட்டை ஒலிக்கச் செய்து, "பாருங்கள், அக்கால நாடகப் பாட்டுகள் எவ்வளவு சுருக்கமாகவும் செறிவாகவும் இருந்தன!" என்று கற்பித்துவந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், கோவில் கொடைக்கு நாடகக் குழுவோடு வந்த முதிய ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் இதையே பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஐயா, சுருக்கம் பாட்டிலே இல்லை, தட்டிலே இருக்கிறது" என்றார்.

எனக்கு நாணமாகிவிட்டது. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். கருவியின் அளவை நான் கலையின் அளவாகக் கொண்டுவிட்டேன். சான்றைப் படிக்குமுன், அந்தச் சான்று எப்படி உண்டாயிற்று என்று கேட்க வேண்டாவா? ஆசிரியப் பயிற்சியில் முதற்பாடமே அதுதான்! மேடையில் அதே பாட்டு விருத்தமும் ஆலாபனையுமாக விரியும். 'ஒன்ஸ்மோர்' என்று கொட்டகை அதிரும், மீண்டும் பாடுவார்கள். நாடகம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வள்ளி திருமணம் காதல் நாடகம் மட்டும் அன்று; நகைச்சுவை நாடகமும் ஆகும். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் செய்வார். வேடன் வந்து தர்க்கம் செய்வான். கிழவன் வேடத்தில் வந்தும் முருகன் விடமாட்டான். யானையாக அண்ணன் வந்து உதவினால்தான் கதை முடியும். இடையிடையே பபூன் வேறு. வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் வந்து, ஒத்திகையின்றியே மேடையில் சந்திக்கும் 'ஸ்பெஷல் நாடக' முறையில், அந்தத் தர்க்கத்தின் பெரும்பகுதி அப்போதைக்கப்போது பிறப்பது. வள்ளியாக நடிப்பவள் ஒரு சொல்லுக்குத் திணறினால் ஊரே சிரிக்கும். மடக்கிவிட்டால் ஊரே கைதட்டும். எனக்குக் கிடைத்த தட்டில் இதில் ஒரு வரியும் இல்லை.

ஆங்கிலேயர்க்கும் இதே கதைதான். 'மெர்ரி இங்கிலாந்து' என்றொரு காதல் நகைச்சுவை இசைநாடகம் 1902-இல் இலண்டன் சவாய் அரங்கில் அரங்கேறியது. இசை எட்வர்ட் ஜெர்மன் அமைத்தது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துக் கதை. 1918-இல் அவரே முன்னின்று நடத்த அதன் இசையைத் தட்டுகளில் பதிந்தனர். அப்போது ஒலிவாங்கி கிடையாது; பாடகர்கள் ஒரு குழலின் வாயருகே நெருங்கி நின்று பாட வேண்டும். மின்சாரப் பதிவு வந்தது 1925-இல்தான். இன்று அந்நாடகத்தை மேடையேற்றுவோர் அருகிவிட்டனர். ஆனால், எங்கள் வள்ளி இந்த வகையில் பேறு பெற்றவள்: மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் அவள் விடியவிடியத் தர்க்கம் செய்கிறாள். கல்லூரிப் பாடத்திட்டங்கள்தாம் அவளை அதிகம் கண்டுகொள்வதில்லை.

ஆர்மோனியக்காரரைச் சந்தித்த அடுத்த ஆண்டு, பத்தாம் வகுப்பில் மீண்டும் அந்தப் பாட்டை ஒலிக்கச் செய்தேன். இம்முறை விளக்கம் சொல்லவில்லை. பாட்டு முடிந்து கரகரப்பு மட்டும் மிஞ்சியபோது, ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் எழுப்பி, "இனி நீங்கள் பேசுங்கள், இவன் வேடன், இவள் வள்ளி" என்றேன். முதலில் இருவரும் கூசி நின்றனர். பிறகு, மானைக் கண்டாயா என்று அவன் கேட்க, வனக்காவலர் அனுமதிச் சீட்டு எங்கே என்று அவள் திருப்பிக் கேட்டாள். வகுப்பு அதிர்ந்தது. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. தர்க்கத்தில் வள்ளியே வென்றாள்.