நூறாண்டு காத்து எழுந்த காட்சிச்சாலை

தம் முன்னோர் பெற்ற சிறப்பை மட்டும் நினைவிற் கொண்டு, அவர் பட்ட பாட்டை மறந்த குலத்தார் தம் வரலாற்றிற் பாதியை இழந்தவராவர். இதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் தம் வரலாற்றுக்கென ஒரு காட்சிச்சாலை அமைக்க நூறாண்டு முயன்ற கதையை நம் அன்பர்க்கு ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அந்நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அதில் வடபுலத்துச் சேனையிற் சேர்ந்து பொருத கறுப்பினத்தார் ஏறக்குறைய 1,80,000 பேர். போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழா 1915-இல் தலைநகராகிய வாஷிங்டனிற் கொண்டாடப்பெற்றது. நாட்டுக்காகக் குருதி சிந்திய கறுப்பின முதுவீரர்க்கு அவ்விழாவிலும் நிறவேற்றுமையே எதிர்ப்பட்டது. ஆதலின் அவரை வரவேற்று உபசரிக்க அந்நகரத்துக் கறுப்பினத்தாரே ஒரு குழு அமைத்தனர். மறு ஆண்டு அம்முயற்சியினின்றும் ஒரு சங்கம் தோன்றிற்று. தம் வீரர்க்கும், தம் இனத்தார் நாட்டுக்கு ஆற்றிய தொண்டுக்கும் தலைநகரில் ஒரு நினைவகம் வேண்டுமென்பதே அச்சங்கத்தின் வேட்கை.

பதின்மூன்றாண்டு கழிந்து, 1929-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள், குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் தம் பதவியின் இறுதி நாளில் அதற்குரிய தீர்மானத்திற் கையொப்பமிட்டார். அரசாங்கம் தருவதாக ஒப்பியதோ 50,000 டாலர்; அதனைப் பெறுதற்கு முன் மக்கள் தாமே 5,00,000 டாலர் திரட்டல் வேண்டுமென்பது நிபந்தனை. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரும் பொருளாதார வீழ்ச்சி நாட்டைச் சூழ்ந்தது. செல்வரே வறியரான அந்நாளில் ஏழை மக்கள் யாங்ஙனம் பொருள் திரட்டுவர்? ஏட்டிலிருந்த சட்டம் ஏட்டோடு நின்றது.

மீண்டும் இக்கருத்துக்கு உயிரளித்தாருள் தலையாயவர் ஜான் லூயிஸ் என்பார். 1965-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், வாக்குரிமை வேண்டி அறப்போர் நடாத்துங்கால், காவலரால் மண்டை உடைபட்டவர் இவர். பின்னர்ப் பேரவை உறுப்பினராகி, 1988-இல் இக்காட்சிச்சாலைக்கான மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறாதொழியவே அடுத்த கூட்டத்திற் கொணர்ந்தார். அதுவும் ஒழியவே பின்னும் கொணர்ந்தார். இங்ஙனம் பதினைந்தாண்டு சலியாது முயன்றதன் பயனாக, 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அது சட்டமாயிற்று.

சட்டம் கிடைத்தது, காட்சிப் பொருளோ ஒன்றும் இல்லை! 2005-இல் தலைமை ஏற்ற லானி பஞ்ச் என்னும் வரலாற்றறிஞர், கட்டடமும் இன்றி, சேமிப்பும் இன்றி, ஓரிருவர் துணையோடு பணி தொடங்கினார். அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் தேடிப் பயனில்லை என்பதை அவர் அறிவார். எளிய குடும்பங்களின் பரண்களிலும் பழைய பெட்டிகளிலுமே அம்மக்களின் வரலாறு உறங்கிக் கிடந்தது. ஆதலின் 2008 முதல், சிகாகோ தொடங்கிப் பல நகரங்களிற் கூட்டம் கூட்டி, பாட்டியர் வைத்துச் சென்ற பொருள்களைக் கொண்டு வருமாறு மக்களை அழைத்தனர். துணியும் தாளும் கெடாமற் காக்கும் முறையை வல்லுநர் கற்பித்தனர். பொருளைப் பறித்துக் கொள்ளுதல் அவர் நோக்கமன்று. வீட்டிலேயே காப்பினும் நன்றே என்றனர். நம்பிக்கை பிறக்கவே, பலர் தாமே முன்வந்து நல்கினர். 1849-இல் அடிமைத்தளையினின்றும் தப்பி, மீண்டும் மீண்டும் சென்று பிறரையும் மீட்ட ஹாரியட் டப்மன் அம்மையார்க்கு விக்டோரியா அரசியார் அளித்த சால்வையும் இவ்வாறு வந்தது. திறப்பு விழா நாளில் 36,000-க்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருந்தன.

இனி, அங்கு வைக்கப்பெற்றவற்றுள் மூன்றைக் காண்போம். முதலாவது, 1794-இல் நன்னம்பிக்கை முனைக்கு அருகில் உடைந்த போர்த்துக்கேய அடிமைக் கப்பலின் இரும்புக் கட்டிகள். சரக்கினும் மனிதர் எடை குறைந்தவராதலின், கப்பல் நிலைபெறும்பொருட்டு அவ்விரும்பை ஏற்றினர். இரண்டாவது, மேரிலாந்து மாநிலத்துச் சந்தையில் அடிமைகளை ஏற்றி நிறுத்தி விலைகூறிய ஒரு கல். 1830-இல் அதன்மேல் நின்று இரு அரசியற் பெரியார் பேசினர் என்பதையே அதிற் பதித்த தகடு கூறுகின்றது. அதன்மேல் நின்று அழுத தாயர் எத்துணையர்? பிரிக்கப்பட்ட மக்கள் எத்துணையர்? அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது, 1955-இல் மிசிசிப்பியிற் கொடுமையாகக் கொலையுண்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மட் டில்லின் பிணப்பேழை. மகனுக்கு நேர்ந்ததை உலகம் காணட்டும் என்று அதனை மூடாது வைத்தார் அவன் தாயார். அத்துணிவே பலர் உள்ளத்தில் உரிமைவேட்கையை மூட்டிற்று.

தம் இனத்தார் விற்கப்பட்டதையும் அடிபட்டதையும் காட்டுதல் இழிவன்றோ எனின், அன்று என்க. இழிவு இழைத்தவர்க்கே, இழைக்கப்பட்டவர்க்கு அன்று. அதனால், கட்டடத்தின் அமைப்பும் அதற்கேற்பவே வகுக்கப்பெற்றது. காண்போர் முதலில் நிலத்தின் அடியாழத்துக்கு இறங்கி, அடிமை வாணிகக் காலந்தொடங்கி, படிப்படியாக மேலேறி, இசையும் கலையும் விளங்கும் மேல்மாடங்களை அடைகின்றனர். நிறம்பற்றி மக்களைப் பிரித்து அமர்த்திய புகைவண்டிப் பெட்டியொன்றைப் பாரந்தூக்கியால் முதலில் உள்ளே இறக்கிவைத்துப் பின்னரே அதனைச் சூழக் கட்டடத்தை எழுப்பினர். துயரத்தை நடுவே வைத்தே மாளிகை எழுந்தது என்பது ஈண்டு உவமையன்று, உண்மை. செலவான 54 கோடி டாலரிற் பாதியை அரசாங்கமும், பாதியை மக்களும் நிறுவனங்களும் அளித்தனர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், கறுப்பினத்தவராகிய குடியரசுத் தலைவர் ஒபாமா முன்னிலையில், அடிமையாய்ப் பிறந்த ஒருவரின் 99 வயது மகளார் மணியை ஒலிக்கச் செய்ய, காட்சிச்சாலை திறக்கப்பெற்றது.

நிற்க. நம்மனோர் குலவரலாறு எழுதப் புகுங்கால், மன்னர் வழி வந்தோம், முனிவர் வழி வந்தோம் என்று கூறி அமைவதே பெரும்பான்மை. யாமும் இளமையில் அங்ஙனம் எழுதியதுண்டு. அந்தக் கல்லிற் பதித்த தகட்டைப் போல்வனவே அவ்வெழுத்துக்கள் என இன்று நாணுகின்றோம். நம் பாட்டனார் எவர் வாயிலில் நிறுத்தப்பட்டனர் என்பதும் எழுதப்படல் வேண்டும். நாம் எவரை நம் வாயிலில் நிறுத்தினோம் என்பதும் மறைக்கப்படலாகாது. அன்பர்காள்! உங்கள் பரணில் உள்ள பழம் பத்திரங்களையும் கடிதங்களையும் நிழற்படங்களையும் செல்லுக்கு இரையாக்காதீர். படத்தின் பின்னே பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதி வையுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடை இருக்கும்போதே கேட்டறிந்து எழுதுமாறு இளைஞரை வேண்டுகின்றோம்.