பிறர் கையால்

ஒரு சாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வாக்கியத்தில் எழுவாய் காணாமல் போவது வெறும் இலக்கண விஷயம்தானா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ரூபென் ஸலஸாரின் மரண விசாரணையைப் படிக்கும்போதெல்லாம் அது வலுக்கிறது.

ஸலஸார் பத்திரிகையாளர். 1928இல் மெக்ஸிகோவின் எல்லை நகரம் ஒன்றில் பிறந்து, அக்கரையில் டெக்ஸாஸில் வளர்ந்தவர். ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நிருபராக வியட்நாமைப் பார்த்துவிட்டு, 1970இல் ஒரு ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்குத் தலைவரானார். டைம்ஸில் வாரப் பத்தியும் எழுதினார். புரட்சிக்காரர் அல்ல, நடுத்தர வர்க்கத்து மனிதர். பின்னாளில் எழுந்த தியாகி பிம்பத்துக்கும் அவருக்கும் தூரம் அதிகம்.

அவ்வருஷம் ஜூலையில், வேறு யாரையோ தேடிப்போன போலீஸார் ஆயுதமற்ற இரண்டு மெக்ஸிகோக்காரர்களைச் சுட்டுக்கொன்றார்கள். ஸலஸார் விடாமல் செய்தி தந்தார். இம்மாதிரிச் செய்திகள் அந்தப் பேட்டை ஜனங்களின் மனசில் விபரீதத்தை உண்டாக்கும் என்று போலீஸார் அவரிடம் வந்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையையும் பத்தியில் எழுதிவிட்டார். துப்பாக்கி ஆபத்தல்ல, அதைப் பற்றிய செய்திதான் ஆபத்து என்ற இந்தத் தர்க்கம் எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஆகஸ்ட் 29. சிகானோக்கள் (மெக்ஸிக வம்சத்து அமெரிக்க இளைஞர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர்) வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஊர்வலம் போனார்கள். இருபதாயிரம் பேருக்குக் குறையாது. பூங்காவில் கூடியிருந்தவர்களை ஷெரிஃபின் ஆட்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் கலைத்தார்கள். மாலையில் ஸலஸார் ‘ஸில்வர் டாலர்’ என்ற மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தார். உள்ளே துப்பாக்கியோடு ஆள் இருப்பதாகத் தகவல் என்று சொல்லி, ஒரு துணை ஷெரிஃப் வாசலிலிருந்து சுட்டார். சுவரையும் கதவையும் துளைப்பதற்கென்றே செய்த, பத்து அங்குல நீளமுள்ள கண்ணீர்ப்புகைக் குண்டு அது. வாசலில் தொங்கியதோ ஒரு திரை. ஸலஸாரின் தலையில் பட்டது. வயது 42.

மரண விசாரணை 16 நாள் நடந்தது. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். குண்டைப் பற்றிக் கேட்டதைவிடக் கூட்டத்தின் ஒழுங்கீனத்தைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். ஏழு ஜூரர்களில் மூவர் விபத்து என்றார்கள். நால்வர் ‘பிறர் கையால் நேர்ந்த மரணம்’ என்றார்கள். யார் அந்தப் பிறர்? சுட்டவரே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்டோபரில், வழக்கு இல்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அப்போது அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு வேட்பாளர். நவம்பரில் ஜெயித்தும் விட்டார். 1973இல் குடும்பத்துக்கு 7,00,000 டாலர் கொடுத்தார்கள்.

திட்டமிட்ட கொலையா என்ற கேள்வியிலேயே பலர் நாற்பது வருஷம் நின்றுவிட்டார்கள். இதனால் லாபம் ஷெரிஃபுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. சதியை நிரூபிக்க முடியாதபோது, மற்றதெல்லாம் மன்னிக்கத்தக்க தவறாகிவிடுகிறது. 2011இல் பழைய கோப்புகளைப் பரிசீலித்த அறிக்கையும், வேண்டுமென்றே குறிவைத்ததற்கு ஆதாரமில்லை, நடவடிக்கையில் தவறுகள் உண்டு என்றே சொன்னது. திரைக்கு எதிரே அந்தக் குண்டை ஏன் எடுத்தார்கள், யார் எடுக்கச் சொல்லிப் பழக்கினார்கள் என்பதல்லவா கேள்வி? மனசுக்குள் இருந்ததை ஆராய நாவலாசிரியன் போதும். ஜூரர்கள் பார்க்க வேண்டியது கையை.

கை ஐயத்துக்கிடமில்லாமல் தெரிந்தபோதும் என்ன ஆயிற்று என்பதற்கு ஹூஸ்டன் இருக்கிறது. 1977 மே மாதம், வியட்நாமிலிருந்து திரும்பிய 23 வயது ஹோஸே காம்போஸ் டாரெஸைப் போலீஸார் அடித்தார்கள். சிறையில் அவரை ஏற்க மறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போலீஸார் கொண்டுபோனது கால்வாய்க்கரைக்கு, தண்ணீரில் தள்ளினார்கள். மாநில நீதிமன்றத்தில் இருவர் மீதான குற்றம் கவனக்குறைவு என்று சுருங்கியது. ஒரு வருஷ நன்னடத்தைக் காவல், அபராதம் ஒரு டாலர். ஃபெடரல் வழக்குக்குப் பிறகு மூவர் ஒன்பது மாதம் சிறையில் இருந்தார்கள். 2021இல் ஹூஸ்டன் போலீஸ் தலைவர் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அது கொலை என்றார். செய்தவர்கள் போலீஸார் என்றும் சொன்னார்.