கரிமூட்டப் புகையும் கரப்பானும்
கரப்பான் எனப்படும் எக்ஸிமாவில் மேல்தோல் ஈரம் காக்க முடியாமல் வறண்டு, சிவந்து, அரிக்கும். காற்று மாசு இதைக் கிளறிவிடும். விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, திருச்சுழி வட்டார மானாவாரி மண்ணில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டம் முதலில் கவனிக்க வேண்டிய ஒன்று. விறகுப் புகையிலுள்ள பன்வளைய ஹைட்ரோகார்பன்கள் தோல் செல்களின் ஏஹெச்ஆர் ஏற்பியைத் தூண்டும். அதனால் சுரக்கும் ஆர்ட்டெமின் புரதம் நரம்பிழைகளை மேல்தோலுக்குள் இழுக்க, அரிப்பு கூடும். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எலிகளில் இதைக் காட்டினர். சொறியச் சொறியத் தோல் கிழிந்து தூசி இன்னும் உள்ளே இறங்கும்.

மூட்டம் பிரிப்பவருக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை அவசியம். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காயுமுன் வாசலின் அல்லது தேங்காயெண்ணெய் பூசுவது நல்லது. காரமான சோப்பு ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடும்.